வளையத் தெரியாத கட்டங்கள்

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையின் முற்றம். இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் ஆறு மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்பு நடைமேடை. அதன் மேல் நாற்பது மூட்டை மணல். பக்கவாட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துக் கட்டிய நூல். நூலுக்கும் மேடையின் நடுப்பகுதிக்கும் இடையே ஸ்டீல் ஸ்கேலை வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் பழனிச்சாமி.

“ஒம்பதுங்” என்றார்.

“எத்தனை?”

“ஒம்பது மில்லிங் அம்மிணி. நடுவுல ஒம்பது மில்லி எறங்கியிருக்குதுங்.”

என் கையிலிருந்த ரிப்போர்ட் இரண்டு என்றது. சரியாகச் சொன்னால் இரண்டு புள்ளி ஒன்று. பக்கத்தில் வண்ணப்படம் வேறு. நீலத்தில் ஆரம்பித்து, பச்சையாகி, மஞ்சளாகி, நடுவில் மட்டும் வெட்கப்பட்டதுபோல் லேசான சிவப்பு. அந்தப் படத்தை வரைந்த மென்பொருளை எழுதியவள் நான். ஆகவே எனக்குச் சந்தேகமே வரவில்லை.

“நூல் தொய்ஞ்சிருக்கும்” என்றேன்.

பழனிச்சாமி எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்துக்காரர். பட்டறையின் சூப்பர்வைசர். என் வயதுதான் இருக்கும், ஆனால் என்னைவிட இரண்டு மடங்கு கோபம்.

“ஏனுங்கம்மிணி, உங்க பொட்டி ரெண்டுங்குது. எங்க நூலு ஒம்பதுங்குது. நூலு தொய்ஞ்சா கொறைச்சலாத்தானுங்க காட்டும், அதிகமா எப்பிடிக் காட்டும்?”

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நூல் தொய்ந்தால் அதுவும் மேடையோடு சேர்ந்து கீழே வரும், இடைவெளி குறையும். இதைக் கண்டுபிடிக்க எம்.எஸ்ஸி. கணிதம் தேவையில்லை. எம்.எஸ்ஸி. கணிதம் படித்ததால் கண்டுபிடிக்கத் தவறினேன் என்றும் சொல்லலாம்.

நான் அன்று அங்கே போனது சோதனை செய்ய அல்ல. எங்கள் கம்பெனியின் புது பிரோஷருக்குப் படம் எடுக்க. முதலாளி நாகேந்திரா மொபைலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணல் மூட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். “ஏனு மேடம், ஆய்தா?” என்று கேட்டார், முடிந்ததா என்று. அவர் பேசுவது கன்னடம். இனி அவர் வாயிலிருந்து வருவதை நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன், அவருக்கு ஆட்சேபணை இருக்காது. இதை அவர் படிக்கப் போவதில்லை.

“ஆயித்து சார்” என்றேன். ஆகவில்லை.

இரும்பை உடைக்கிறவள்

இந்தத் தொடரின் போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு என் சித்தி ஃபோன் செய்தாள். “எல்லாம் சரி, நீ என்னதான் வேலை பாக்கறே, அத எழுதவே இல்லியே?” என்றாள். இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்பா ரயில்வே வேலையாக மைசூருக்கு வந்தவர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கணக்கில் மட்டும் இரண்டும் இல்லாத ஒரு மொழி என்று வளர்ந்தேன். கல்லூரி ஆசிரியை ஆவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது என்பது முதல் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம்தான் ஹெப்பாளில் ஒரு ஷெட்டுக்கு மேல் மாடியில் நாகேந்திரா ஆரம்பித்திருந்த சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். எதிர்ச் சாலையில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் பேருந்துகள் ஏசி போட்டுக்கொண்டு வரிசையாகப் போகும். நாங்கள் ஆறு பேர், இரண்டு ஃபேன்.

அப்பா உறவினர்களிடம் என் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடுவார்: “கம்ப்யூட்டர்ல இரும்ப ஒடைக்கிறா.” இதுவரை நான் கேட்ட விளக்கங்களில் இதுதான் சிறந்தது.

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஓர் இரும்புப் பலகையின் மேல் பாரம் ஏற்றினால் அது எப்படி வளையும் என்பதற்கு ஒரு வகைக்கெழுச் சமன்பாடு இருக்கிறது. பலகை நேராக, எளிய வடிவத்தில் இருந்தால் காகிதத்திலேயே தீர்த்துவிடலாம். அதில் நாலு ஓட்டை போட்டு, ஒரு மூலையை வெட்டி, ஒரு வளைவும் வைத்துவிட்டால் எந்தப் பேராசிரியராலும் காகிதத்தில் தீர்க்க முடியாது. அப்போது என்ன செய்வோம்? பலகையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்போம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எளிமையான கணக்கு. பக்கத்துக் கட்டங்கள் மூலைகளில் கைகோத்துக்கொள்ளும். பல்லாயிரம் எளிய கணக்குகளைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் தீர்க்கும். ஃபைனைட் எலிமென்ட் முறை என்று பெயர். முழு விடை தெரியாது; ஆனால் விடைக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நிற்கலாம்.

ரொம்பப் பக்கத்தில் என்று நான் சொல்வதை நம்ப வேண்டாம். எங்கள் மென்பொருளின் முதல் வருடத்தில் நான் ஒரு கூட்டல் குறியை மாற்றிப் போட்டதால், பாரம் ஏற்றினால் பாலம் மேல்நோக்கி வளைந்தது. நாகேந்திரா அதை வாடிக்கையாளருக்குக் காட்டி, “முன்கூட்டியே வளைவு கொடுத்திருக்கோம்” என்று சமாளித்தார். இன்னொரு முறை ஒருவர் தன் தண்ணீர்த் தொட்டிக்குக் கால் வைக்கவே மறந்துவிட்டார். பூமியோடு தொடர்பில்லாத தொட்டி கணக்கில் பறந்தே போய்விட்டது. திரையில் வெறும் வெள்ளை. அவர் ஃபோனில் கேட்டார்: “மேடம், என் டேங்க் எங்கே?”

ஒன்றைச் சுழியாக்கிய நாள்

இந்தக் கட்டங்களுக்கு ஒரு குறை உண்டு. நான்கு மூலை மட்டும் கொண்ட கட்டத்தின் பக்கங்கள் எப்போதும் நேர்கோடுகள். அதற்கு நீளத் தெரியும், சுருங்கத் தெரியும், சாயத் தெரியும். வளையத் தெரியாது. நிஜ இரும்பு அழகாக வளையும் இடத்தில் இந்தக் கட்டங்கள் விறைத்துக்கொண்டு நிற்கும். விளைவு, கணக்கில் வரும் பொருள் நிஜத்தைவிடப் பல மடங்கு கெட்டியாகத் தெரியும். லாக்கிங் என்பார்கள், பூட்டிக்கொள்வது. பாடப்புத்தகத்தில் மூன்றாவது அத்தியாயத்திலேயே இருக்கிறது. எனக்குத் தெரியாதது அல்ல.

அதற்கு ஒரு தந்திரமும் உண்டு. ஒவ்வொரு கட்டத்தையும் நான்கு இடங்களில் சோதிப்பதற்குப் பதிலாக நடுவில் ஒரே இடத்தில் சோதிப்பது. விறைப்பு போய்விடும். ஆனால் நடுவில் மட்டும் கண் வைத்தால் ஓரத்தில் நடக்கும் சேட்டை தெரியாதே! சில சமயம் கட்டங்கள் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று கோணல்மாணலாக நெளிந்துவிடும்.

நான் அந்தத் தந்திரத்தை எழுதி வைத்திருந்தேன். மென்பொருளில் அதற்கு ஒரு ஸ்விட்ச். ஒன்று என்றால் தந்திரம் உண்டு, சுழி என்றால் இல்லை. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் ஒன்று.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் முக்கியமான டெமோ. வாடிக்கையாளர் மாடிப்படி ஏறிவரும் சத்தம் கேட்டது. கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். திரையில் இரும்புச் சட்டம் முழுக்கக் கோணல்மாணல், காய்ந்த முறுக்கு மாதிரி. நாகேந்திரா முகம் வெளிறிவிட்டது. “மேடம், ஏதாவது செய்யுங்க.”

செய்தேன். ஒன்றைச் சுழியாக்கினேன். பக்கத்தில் ‘தற்காலிகம். டெமோ முடிந்ததும் மாற்று’ என்று ஒரு குறிப்பும் எழுதினேன். சட்டம் பட்டுப்போல் வந்தது. வாடிக்கையாளர் கைதட்டாத குறை.

அடுத்த மாதமே அந்தச் சேட்டையை அடக்கும் வழியையும் எழுதி முடித்தேன். அதற்காக நாகேந்திரா எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கித் தந்தார். சுழியை மட்டும் நான் ஒன்றாக மாற்றவில்லை.

டயல் கேஜ்

பட்டறை முற்றத்துக்குத் திரும்புவோம்.

நூலை நம்பாத நான் டயல் கேஜ் கேட்டேன். கடிகாரம் போன்ற முகமும் கீழே ஓர் ஊசியும் கொண்ட அளவுகோல். பழனிச்சாமி மூட்டைகளை எல்லாம் இறக்கச் சொன்னார், கேஜை மேடைக்கு அடியில் பொருத்தினார், முள்ளைச் சுழிக்குக் கொண்டுவந்தார், மறுபடி நாற்பது மூட்டைகளையும் ஏற்றச் சொன்னார். ஏற்றியவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

முள் எட்டரையில் நின்றது.

“எட்டரைதானுங். அர மில்லி உங்களுக்கு லாபம்” என்றார் பழனிச்சாமி.

“வெயிட் அதிகமா இருக்கும். மூட்டை ஈரமா இருக்கே.”

“ஏனுங், மணலு நாலு மடங்கா நனைஞ்சிருக்குது?”

எங்கள் ஆபீஸ் மாடிக்குத் திரும்பிப் போய் ஒரு காகிதத்தை எடுத்தேன். ஓட்டை இல்லாத நேரான சட்டம். டிப்ளமோ மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் சூத்திரம் ஒன்று இருக்கிறது. நான் பல வருடங்களாக அதைத் தொட்டதில்லை. என்னிடம் கம்ப்யூட்டரும் கட்டங்களும் இருக்கும்போது சூத்திரம் எதற்கு? இரண்டு நிமிடத்தில் விடை வந்தது. எட்டு புள்ளி ஏழு.

மறுபடி போட்டேன். அதே எட்டு புள்ளி ஏழு.

உடனே பழி போட ஆள் தேடினேன். இதை ஒளிக்க மாட்டேன். எங்களிடம் இருந்துவிட்டு வெளிநாடு போன ஒரு பையன் ஞாபகத்துக்கு வந்தான். அவன் போன பிறகு எந்தப் பிழை வந்தாலும் அவன் தலையில் போடுவதுதான் எங்கள் வழக்கம். எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் பதிவேட்டைத் திறந்தேன். ‘தற்காலிகம். டெமோ முடிந்ததும் மாற்று.’ பக்கத்தில் என் பெயர். மூன்று வருடப் பழசு.

எங்கள் சோதனைகள் ஏன் இதைப் பிடிக்கவில்லை? ஒவ்வொரு பதிப்புக்கும் நாற்பத்திரண்டு சோதனைக் கணக்குகள் ஓட்டுவோம். அத்தனையிலும் அந்த ஸ்விட்ச் ‘ஒன்று’ என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தது. எழுதியவள் நானேதான். பரீட்சையில் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டு தெருவில் வேறு மாதிரி திரியும் மாணவனைப் போல, எங்கள் மென்பொருள் மூன்று வருடம் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தது.

நாகேந்திராவிடம் போய்ச் சொன்னேன். அவர் பிரோஷருக்குப் படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார்.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கு, உங்களுக்கு. பழனிச்சாமிக்குப் பாதி தெரியும்.”

“அடுத்த வெர்ஷன்ல மாத்திடுங்க. ‘துல்லியம் மேம்படுத்தப்பட்டது’ன்னு ஒரு வரி போட்டுடலாம்.”

“சார், இந்த மூணு வருஷத்துல போன ரிப்போர்ட்ல எல்லாம் நிஜத்துல நாலுல ஒரு பங்குதான் காட்டியிருக்கும். அது மேல ஆளுங்க நிக்கறாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

“ஃபோன் பண்ணுங்க” என்றார் கடைசியில். “ஆனா என் பேரச் சொல்லாதீங்க.”

“ரிப்போர்ட்டா? எந்த ரிப்போர்ட்?”

பட்டியல் எடுத்தேன். மெல்லிய சட்டங்கள், பெரிய கட்டங்கள், ஸ்விட்ச் சுழி. மூன்றும் சேர்ந்த வேலைகள் பதினொன்று. மறுநாள் காலை எட்டரை மணிக்கே ஃபோனோடு உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று எழுதியே வைத்திருந்தேன். ‘எங்கள் கணக்கில் ஒரு கடுமையான பிழை...’

முதல் ஆள் ஒரு மில் முதலாளி. நான் ‘கடுமையான’ வரை வந்ததும், “அம்மா, நீங்க அனுப்பின ரிப்போர்ட்டா? அத யாரு படிச்சா? பேங்க்ல காட்டணும்னு கேட்டேன், அவ்வளவுதான்” என்றார்.

இரண்டாவது ஆள், கையில் இருந்த தகட்டைப் போட்டதாகச் சொன்னார். நான் சொன்னதைவிட மூன்று மடங்கு கனம். மூன்றாவது ஆள் அந்த மேடையைக் கட்டவே இல்லை. நான்காவது ஆள் என்னைக் கடன் அட்டை விற்கும் பெண் என்று நினைத்து வைத்துவிட்டார். ஐந்தாவது ஆள் மட்டும் ரிப்போர்ட்டைப் படித்திருந்தார். “கலர் ரொம்ப நன்னா இருந்தது” என்றார்.

என் மூன்று வருட உழைப்பை யாரும் மதிக்கவில்லை என்பதில் இவ்வளவு ஆனந்தம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தேன்.

பதினோராவது ஷில்பா.

ஷில்பா கட்டடப் பொறியாளர். சரஸ்வதிபுரத்தில் சின்ன அலுவலகம். முப்பது வயதுக்குள்தான். வீட்டில் தமிழ், ஆனால் அவள் தமிழில் பாதி கன்னடமாக இருக்கும். தேவராஜ மொஹல்லாவில் ஒரு பழைய கல்யாண மண்டபத்துக்கு இரும்பு கேலரி போட என்னிடம் கணக்குக் கேட்டவள். மண்டபக்காரர் சட்டம் முழுக்க மாங்காய் வடிவத்தில் ஓட்டை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மாங்காய்க்குச் சூத்திரம் கிடையாது. அதனால்தான் என்னிடம் வந்தாள்.

“ஷில்பா, அந்த கேலரி... தகடு என்ன கனம் போட்டீங்க?”

“நீங்க கொட்டதுதான் மேடம், குடுத்த அளவுதான். ஆறு மில்லி.”

“ஒருவேளை ஸேஃப்டிக்காகக் கொஞ்சம் அதிகமா...”

“இல்லா மேடம்!” அவள் குரலில் பெருமை. “ஓனர் எட்டு போடலாம்ன்னார். நான்தான் பேடா, வேணாம், மேடம் கணக்கு பக்கா இருக்கும்ன்னு சண்டை போட்டேன். ஒரு மில்லி கூட மாத்தலை.”

என்னை முழுதாக நம்பிய ஒரே ஒரு ஆள்.

சொன்னேன். எவ்வளவு தப்பு என்று மட்டும் கேட்டாள். பிறகு, “மேடம், இவத்து அங்க கல்யாணம்” என்றாள்.

“இன்னிக்கா?”

“ஒன்பதே முக்கால் முகூர்த்தம். ஓனர் நேத்து சொன்னார், கேலரியில இருநூறு பேர் நிக்கலாம்ன்னு எல்லார்கிட்டயும் ஹெம்மெயா, பெருமையா சொல்லிட்டு இருக்கார்.”

மணி ஒன்பது ஐந்து. ஷில்பா வெளியூர் சைட்டில் இருந்தாள். மண்டபக்காரர் ஃபோனை எடுக்கவில்லை. கல்யாணச் சத்தத்தில் யார் எடுப்பார்கள்? பழனிச்சாமியை அழைத்தேன். “வாறனுங், நேரா மண்டபத்துக்கே வந்தர்றனுங்” என்றார்.

நீங்க பொண்ணு வீடா?

முகூர்த்த நாளில் தேவராஜ மார்க்கெட் பக்கம் ஆட்டோவில் போவதைவிடப் புத்திசாலித்தனமான காரியங்கள் நிறைய உண்டு. வாழைத்தார் ஏற்றிய வண்டி ஒன்று குறுக்கே நின்றது. இறங்கி ஓடினேன். கடைசியாக நான் ஓடியது எந்த வருடம் என்று ஞாபகமில்லை. வழியில் ஒரு பூக்காரம்மா, “மெல்ல மெல்ல, தாளி கட்டோகே இன்னும் டைம் இதே” என்று இரண்டு மொழியில் தைரியம் சொன்னாள்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். நுழைவாசலுக்கு மேலே, மாங்காய் மாங்காயாய் ஒளி விழ, என் கேலரி. தங்கப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. அதன் மேல் நாதஸ்வரக் கோஷ்டி, வீடியோக்காரர்கள், பட்டுப்புடவைகள், குழந்தைகள், கைப்பிடியில் சாய்ந்து நிற்கும் மாமாக்கள். எண்ணிப் பார்த்தேன். எழுபதுக்கு மேல் எண்ண முடியவில்லை. படியில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

படிக்கட்டின் அடியில் போய் நின்று கையை நீட்டி மறித்தேன்.

“யாரும் மேல போகாதீங்க. மேல இருக்கறவங்க எல்லாரும் கீழ வாங்க, ப்ளீஸ்.”

சந்தன நிற ஜிப்பா போட்ட ஒரு பெரியவர் வந்தார். பெண்ணின் மாமாவாம்.

“யாரும்மா நீங்க? பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?”

“ரெண்டும் இல்லைங்க. நான் கம்ப்யூட்டர்...”

“கம்ப்யூட்டரா? மாப்பிள்ளையோட ஆபீஸா?” அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். “இத பாரும்மா, எதா இருந்தாலும் தாலி கட்டினப்புறம் பேசிக்கலாம். பெரியவங்க நிறைய பேர் வந்திருக்காங்க. அசிங்கம் பண்ணிடாதே.”

ஒரு விநாடி எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது காது வரை சூடேறியது. நாற்பத்தாறு வயதில், எண்ணெய் வழியும் தலையோடு, மாப்பிள்ளையின் பழைய காதலியாக நான்.

“சார், கேலரி ஸ்டிராங்கா இல்ல. கணக்குல தப்பு. நான்தான் கணக்குப் போட்டேன்.”

“புதுசா கட்டினதும்மா இது. எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுத்தான் கட்டியிருக்காங்க” என்று என்னிடமே சொன்னார்.

மேலிருந்து தவில் சத்தம் அதிர்ந்தது. கேலரியின் ஓரத்தில் கட்டியிருந்த சீரியல் பல்புகள் தவிலோடு சேர்ந்து ஆடுவதைப் பார்த்தேன். கெட்டிமேளம் கொட்டும்போது மேலே இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கைப்பிடிப் பக்கம் வருவார்கள். தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டாமா?

அப்போது பழனிச்சாமி வந்து சேர்ந்தார். அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையைப் படியிலிருந்து விலக்கிவிட்டு விறுவிறுவென்று மேலே ஏறினார். கூட்டத்தின் நடுவில் நின்று, பட்டறையில் கிரைண்டர் சத்தத்தையும் மீறிக் கூப்பிட்டுப் பழகிய குரலில் சொன்னார்:

“பந்தி போட்டாச்சுங்க! மொத பந்தி! எடம் கொஞ்சந்தான் இருக்குது, வாரவங்க வெரசா வாங்க!”

பூகம்பம் வந்திருந்தால்கூட அவ்வளவு ஒழுங்காகக் கேலரி காலியாகியிருக்காது. மாமாக்கள் முதலில் இறங்கினார்கள். அடுத்துக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு புடவைகள். என்னை எச்சரித்த ஜிப்பாக்காரர்கூடச் சாப்பாட்டு அறைப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டுத்தான் நின்றார்.

மேலே நாதஸ்வரக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். நான் ஏறிப் போய், மூத்தவராகத் தெரிந்தவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நாதஸ்வரத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையைத் தடவிப் பார்த்தார்.

“அதான் காலைலேர்ந்து நடுங்குதா? எனக்கு சுகர் இருக்கும்மா. என் காலுதான் நடுங்குதுன்னு நெனச்சிட்டேன்.”

மறுபேச்சில்லாமல் இறங்கினார்கள். மணமேடைக்குப் பக்கத்திலேயே ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து வாசித்தார்கள். தாலி கட்டும்போது எதிரே பாதி நாற்காலி காலி. சாப்பாட்டு அறையில் நூறு பேர் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாம்பார் எங்கே என்று சமையல்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. நல்லவேளை.

பழனிச்சாமி அதற்குள் ஓர் ஏணியைப் பிடித்துவந்து கேலரியின் அடியில் ஏறியிருந்தார். சட்டமும் தூணும் சேரும் இடத்தில் தங்கப் பெயிண்ட் ஒரு கோடாக வெடித்திருந்தது. நகத்தால் கீறினார். பெயிண்ட் உதிர்ந்தது. உள்ளே பற்றவைப்பிலும் அதே கோடு.

“அம்மிணி, இங்க வந்து பாருங்.”

ஏறிப் பார்த்தேன். முடி அளவு விரிசல். விரல் நீளம்.

“உழுந்திருக்குமா?” என்று கேட்டேன்.

“தெரியாதுங்.” அவர் குரலில் முதல்முறையாகக் கோபம் இல்லை. “இன்னிக்கே உழுந்திருக்கும்னு சொல்ல முடியாது. உழுவாதுன்னும் சொல்ல முடியாது.”

ஏணியிலிருந்து இறங்கினேன். அப்போதுதான் என் கால் நடுங்கியது. எனக்கு சுகர் இல்லை.

அப்புறம்

படியைக் கயிறு கட்டி அடைத்துவிட்டு, மதியத்துக்குள் பட்டறையிலிருந்து ஜாக்கிகள் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் இரண்டு தூண்கள் கூடுதலாக வந்தன. மாங்காய்களில் பாதியை அடைத்துவிட்டார்கள். மண்டபக்காரர் இன்றும் என்னைத் தெருவில் பார்த்தால் மாங்காய்க்காக வருத்தப்படுகிறார், விரிசலுக்காக அல்ல.

பதினொரு பேருக்கும் கடிதம் எழுதினேன், ஃபோனில் சிரித்தவர்களுக்கும் சேர்த்து. மென்பொருளின் புதுப் பதிப்பில் ‘துல்லியம் மேம்படுத்தப்பட்டது’ என்ற வரியை நாகேந்திரா போட்டார். நான் எடுத்தேன். மறுபடி போட்டார். கடைசியில் நான் எழுதியதே போனது: இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை இந்த மென்பொருள் தவறான விடை தந்தது, காரணம் இது, மாற்றியவர் இன்னார். இரண்டு வாடிக்கையாளர்கள் எங்களை விட்டுப் போனார்கள். நாகேந்திரா மூன்று வாரம் என்னிடம் நேரில் பேசவில்லை. நான்கடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸாப்பில் பேசினார். நான்காவது வாரம் என் மேஜையில் காபி இருந்தது. குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி அவர் மேஜையில் வைத்தேன்.

ஷில்பாதான் பேசவே இல்லை. மண்டபக்காரர் எல்லோர் முன்பும் அவளைத்தான் திட்டினார் என்று கேள்விப்பட்டேன். ‘எட்டு போடலாம்ன்னு நான் சொன்னேனே’ என்று. நான் இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பார்த்ததாக நீல டிக் வந்தது, அவ்வளவுதான்.

ஆறேழு மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல். வேறொரு வேலை, ஒரு கிடங்கின் பரண். கணக்குக் கேட்டு அனுப்பியிருந்தாள். ‘அன்புள்ள’ இல்லை, ‘மேடம்’ இல்லை. செய்து அனுப்பினேன். இரண்டாம் நாள் பதில் வந்தது. கூடவே நான்கு பக்கம், பென்சிலால் கையில் போட்ட கணக்கை ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில்: ‘உங்கள் விடைக்கும் என் விடைக்கும் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் வருகிறது. ஏன்?’

ஸ்விட்சைப் பார்த்தேன், ஒன்று. கட்டங்களைப் பாதியாக்கி ஓட்டினேன். அதையும் பாதியாக்கினேன். விடை அசையவில்லை. அவளுடைய நான்கு பக்கத்தை வரி வரியாகப் படித்தேன். மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் பக்கத்தில், சும்மா தாங்கிக்கொண்டிருக்கும் ஒரு முனையைச் சுவரில் இறுக்கிப் பிடித்ததாக எடுத்துக்கொண்டிருந்தாள். பிழை அவளுடையது.

துள்ளிக் குதித்தேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். உடனே ஃபோன் செய்தேன். இந்த முறை எடுத்தாள்.

“ஷில்பா, மூணாவது பக்கம், நடுவுல. அந்த எண்டு ஃபிக்ஸட் இல்ல.”

கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம்.

“சரியா நோடினீங்களா மேடம்?”

“மூணு தடவை பார்த்தேன்.”

“சரி. நானும் இன்னொரு தடவ பாத்துட்டு சொல்றேன்” என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஒரே ஒரு கன்னடச் சொல்: ‘ஹௌது.’ ஆமாம் என்று அர்த்தம்.

அந்த இரண்டு நாளில் நான் என் கணக்கை இன்னும் நான்கு முறை போட்டுப் பார்த்திருந்தேன்.